பழைய கேமராவும் வண்ண ஃபிலிமும்: ஒருநாள் உலாவுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய கேமராவில் எடுத்த வண்ணப் படங்கள் சொதப்பினால் பழி முதலில் லென்ஸ் மீது விழும், அடுத்து ஃபிலிம் கழுவும் லேப் மீது. உண்மையில் பெரும்பாலான நேரங்களில் குறை ஒன்றுதான்: ஃபிலிமுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கவில்லை. டிஜிட்டலில் பழகிய கை, வானம் வெளுத்துவிடுமே என்று வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து வைக்கும். வண்ண நெகட்டிவில் கணக்கு தலைகீழ். வெளிச்சத்தை ஸ்டாப் கணக்கில் சொல்வது வழக்கம்: ஒரு ஸ்டாப் கூடினால் இரு மடங்கு, குறைந்தால் பாதி. இரண்டு ஸ்டாப் கூடுதலாக விழுந்தாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல்கள் சேறாகும், கறுப்பு பச்சையடிக்கும், மணல் மணலாகக் குருணை தெரியும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பழைய கேமரா என்று நான் இங்கே சொல்வது 1950-களிலிருந்து 1980-கள் வரை வந்தவற்றை. பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1, ஒலிம்பஸ் ட்ரிப் 35, யாஷிகா மேட், மடக்கு கேமராக்கள், ரஷ்ய ஜோர்க்கிகள் எல்லாம் இதில் அடக்கம்.

படி 1: கிளம்புவதற்கு முந்தைய வாரம் கேமராவைச் சோதியுங்கள்

முந்தைய வாரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோளாறு தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் வேண்டும்.

ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான சுவரின் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டுங்கள். 1/1000-இலும் 1/500-இலும் முழுச் சட்டமும் ஒரு கணம் பளிச்சிட வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருண்டிருந்தால் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. அந்த வேகத்தைத் தொடாமல் 1/250-க்குக் கீழே வேலை செய்யலாம். மெதுவான வேகங்களை அளக்க மொபைலில் உள்ள ஸ்லோமோஷன் வீடியோ போதும். நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் மொபைலில், 1/30 வேகம் ஏறத்தாழ எட்டுச் சட்டங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பதினாறு சட்டம் திறந்திருந்தால் ஷட்டர் ஒரு ஸ்டாப் மெதுவாக ஓடுகிறது. நெகட்டிவ் ஃபிலிமுக்கு இது தொந்தரவே இல்லை. பழைய ஷட்டர்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும், அதனால் தானாகவே கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைத்துவிடும்.

அடுத்து அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம். எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். எஃப் 16-இல் வைத்துத் தட்டும்போது இதழ்கள் சட்டென்று சுருங்க வேண்டும். எண்ணெய் படிந்து இழுத்து இழுத்து மூடினால், கடும் வெயிலில் எடுத்த படமெல்லாம் கட்டுக்கடங்காமல் வெளுக்கும்.

பின்கதவின் பள்ளங்களில் உள்ள கறுப்பு ஸ்பாஞ்சை நகத்தால் தொட்டுப் பாருங்கள். தாராகப் பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அது செத்துவிட்டது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, புது ஸ்பாஞ்ச் பட்டையோ, குறுகிய பள்ளமென்றால் கறுப்புக் கம்பளி நூலோ பதிக்கலாம். ஆல்கஹால் ஷட்டர் திரை மீதும் கண்ணாடி மீதும் சொட்டக் கூடாது. எஸ்எல்ஆர் கேமராவில் (உட்கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்க்கும் வகை) மேலே கண்ணாடி வந்து மோதுமிடத்திலும் இதே ஸ்பாஞ்ச் இருக்கும். பலர் அதை மறந்துவிடுவார்கள்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி பரவாயில்லை. வேர் போலப் பரவிய பூஞ்சையும் வெண்படலமும் வண்ணத்தைத்தான் முதலில் கெடுக்கும்: கான்ட்ராஸ்ட் விழுந்து, சிவப்பும் நீலமும் சாம்பல் பூத்துப் போகும்.

படி 2: பேட்டரி

1960-களிலும் 70-களிலும் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற கேமராக்களில் மீட்டர் முள் அதிகம் தாவும். வெளிச்சம் நிறைய இருப்பதாக அது சொல்ல, நீங்கள் குறைத்து வைப்பீர்கள். வண்ண நெகட்டிவுக்கு எது ஆகாதோ அதே திசையில் தவறு.

வழிகள் மூன்று. காதுகேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்துடன் பொருத்தலாம், சுமார் 1.4 வோல்ட் தரும், ஆனால் ஒட்டுத்தாளை உரித்த சில வாரங்களில் தீர்ந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டருக்குள் சில்வர் ஆக்சைடு பேட்டரி போடலாம். அல்லது மீட்டரை மறந்துவிட்டு, மொபைலில் ஒரு மீட்டர் செயலியை வைத்துக்கொள்ளலாம். என் ஓட்டு மூன்றாவதற்கு. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் இதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் மின்சுற்று வோல்ட் மாறினாலும் பெரிதாகத் தடுமாறாது.

எல்ஆர்44 அளவு பேட்டரி கேட்கும் கேமராக்களில் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடையே வாங்குங்கள். அல்கலைன் தீரத் தீர வோல்ட் சரியும். சில்வர் ஆக்சைடு கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். கே1000-இல் மீட்டரை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும். ஏஇ-1-இல் பேட்டரி செத்தால் ஷட்டரே தட்டாது, ஆகவே மாற்று ஒன்று பையில் இருக்கட்டும். ட்ரிப் 35-க்கு பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல் வெளிச்சத்திலேயே இயங்கும். வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டரைத் தடுத்துவிடும். செலினியம் வயதாக ஆகச் சோரக்கூடியது என்பதால், கிளம்புமுன் மொபைல் மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த ஃபிலிம்?

பகல் உலாவுக்கு ஐஎஸ்ஓ 200 நெகட்டிவ் ஃபிலிமே என் முதல் தேர்வு. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளியுணர்வு எண்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். கோடக் கோல்டு 200, கலர்ப்ளஸ் 200 இரண்டுமே வெயிலில் மஞ்சள் கலந்த இதமான நிறம் தரும். மரநிழல், கோயில் மண்டபம், மழைமேகம் என்று கலந்து வரும் நாளென்றால் 400: அல்ட்ராமேக்ஸ் அல்லது போர்ட்ரா. எக்டார் 100 நல்ல வெயிலில் நிலக்காட்சிக்கு அருமை. ஆனால் வெளிச்சம் குறைந்தால் நிழல்களில் நீலம் ஏறும், முகங்கள் சிவக்கும். அதை முதல் ரோலாக வாங்காதீர்கள்.

கேமராவின் அதிகபட்ச வேகத்தையும் பாருங்கள். 1/200-க்கு மேல் போகாத மடக்கு கேமராவில் 400 ஃபிலிமைப் போட்டு உச்சிவெயிலில் நின்றால், எஃப் 22 வரை மூடினாலும் அபர்ச்சரில் உங்களுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்காது. அவற்றுக்கு 100 அல்லது 200 போதும்.

நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் வேறு சாதி. எக்டாக்ரோம் இ100, வெல்வியா 50 ஆகியவற்றில் அரை ஸ்டாப் பிசகினாலும் தெரியும், அதுவும் கூடுதல் வெளிச்சத்தைத்தான் மன்னிக்காது. இந்தக் கட்டுரையின் பாதி அறிவுரை அவற்றுக்கு நேர் எதிர். ஷட்டர் வேகம் சரியாக இருப்பது உறுதியான கேமராவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவுக்கான ஃபிலிமை வெட்டிச் சுற்றி 35 மி.மீ. ரோலாக விற்பதுண்டு. அதன் முதுகில் ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு இருந்தால் வழக்கமான லேபில் கொடுக்கக் கூடாது. பூச்சு கரைந்து இயந்திரத்தையும் மற்றவர்களின் ரோல்களையும் சேர்த்து நாசமாக்கும். சினிஸ்டில் 800டி-யில் அந்தப் பூச்சு இல்லை, அதனால்தான் இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிகிறது.

காலாவதியான ரோல் கையில் இருந்தால், பத்து ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் என்பது பொதுவான வழக்கு. வெப்பத்தில் கிடந்த ரோலுக்கு அதுவும் உத்தரவாதமில்லை. முக்கியமான பயணத்துக்குப் புதுசே போடுங்கள்.

படி 4: ஏற்றுவது

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ரோலை டப்பா திறக்காமல் ஓரிரு மணி நேரம் வெளியே வையுங்கள். உடனே திறந்தால் ஃபிலிம் மீது ஈரம் கோக்கும்.

நிழலில் நின்று ஏற்றுங்கள். 35 மி.மீ. என்றால் வால்பகுதியைச் சுருளில் செருகி, இரு பக்கத் துளைகளும் பற்சக்கரத்தில் உட்கார்ந்தபின் கதவை மூடுங்கள். பிறகு ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி திசையில் மெல்லத் திருப்பித் தளர்ச்சியை எடுத்துவிடுங்கள். இப்போது லீவரை இழுக்கும்போது அந்தக் கைப்பிடியும் தானே சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் நகரவில்லை. எண்காட்டி மட்டும் 36 வரை ஓடும், ரோல் வெறுமையாகத் திரும்பி வரும். ஒவ்வொரு ஐந்தாறு படத்துக்கும் ஒருமுறை அந்தக் கைப்பிடியை ஓரக்கண்ணால் பார்ப்பது நல்ல பழக்கம்.

தாளோடு சேர்த்துச் சுற்றிய அகல ஃபிலிமான 120 ரோலில் தாளின் அம்புக்குறியைக் கேமராவின் குறியோடு பொருத்திவிட்டு மூடுங்கள். பின்பக்கச் சிவப்பு ஜன்னல் வண்ண ஃபிலிமுக்குப் பகை. எண்ணைப் பார்க்கும்போது மட்டும், உடம்பின் நிழலில், திறந்து மூடுங்கள். மூடி இல்லாத கேமராவில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். 620 கேட்கும் கோடக் கேமரா என்றால், ஃபிலிம் அதேதான், சுருள் மட்டும் மெலிந்தது. இருட்டுப் பையில் மாற்றிச் சுற்ற வேண்டும்.

ஃபிலிம் அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைக் கிழித்துக் கேமராவின் முதுகில் ஒட்டிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து உள்ளே இருப்பது 200-ஆ 400-ஆ என்று எந்தக் கேமராவும் சொல்லாது.

படி 5: வெளிச்சத்தை அளப்பது

ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு ஷட்டரை 1/125-இலும், 400-க்கு 1/250-இலும் நிறுத்திவிடுங்கள். பிறகு அபர்ச்சரை மட்டும் மாற்றினால் போதும். நிழல் கூர்மையாக விழும் வெயிலில் எஃப் 16. நிழலின் ஓரம் மங்கினால் 11. நிழலே விழாத, ஆனால் வெளிச்சமான மேகமூட்டத்தில் 8. கனத்த மேகத்தில் 5.6. கட்டடத்தின் நிழல், மரத்தடி, சூரியன் சாயும் நேரம் ஆகியவற்றுக்கு 4. வெள்ளை மணலும் பனியும் வெயிலைத் திருப்பியடிப்பதால் அங்கே 22 வரை மூடலாம்.

இது வெயிலுக்கு எஃப் 16 என்ற பழைய விதிதான். அந்த விதி 200 ஃபிலிமுக்கு 1/200 கேட்கும். நாம் 1/125 வைப்பதால் ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உபரி எப்போதும் கையில் இருக்கும். 1/25, 1/50, 1/100 என்று வேகம் எழுதியிருக்கும் பழைய ஷட்டரில் 1/100 வையுங்கள், இன்னும் நல்லது. இரண்டு படிகளுக்கு நடுவே தடுமாறினால் பெரிய துவாரத்தின் பக்கமே சாயுங்கள்.

மீட்டர் உள்ள கேமராவென்றால், 400 ஃபிலிமைப் போட்டு ஐஎஸ்ஓ டயலை 200-இல் வைத்தால் ஒரு ஸ்டாப் உபரி கிடைத்துவிடும். லேபில் இதைச் சொல்லத் தேவையில்லை, வழக்கப்படியே கழுவட்டும்.

மீட்டரை ஏமாற்றுவது வானம். காட்சியில் பாதி வானம் இருந்தால் மீட்டர் அதைப் பார்த்து அபர்ச்சரை மூடச் சொல்லும். கீழே நிற்கிற ஆட்கள் கரியாவார்கள். கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து அளந்து, அதே அளவை வைத்துக்கொண்டு நிமிர்த்தி எடுங்கள். தரையும் நம்பிக்கை தராவிட்டால், எடுக்கப்போகும் முகத்தின் மீது விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் திறங்கள். உள்ளங்கை யாருக்கும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு என்பதால் இது எங்கேயும் செல்லும். சூரியனுக்கு எதிரே நிற்பவரை எடுக்கும்போது, நிழல்பக்க முகத்துக்கு அளங்கள். பின்னணி வெளுக்கட்டும். நெகட்டிவ் அதைத் தாங்கும், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

விளக்கொளியில் இன்னொரு சிக்கல். பகலொளி ஃபிலிம் சுமார் 5500 கெல்வினுக்குச் சமன் செய்யப்பட்டது. மஞ்சள் குண்டு பல்பின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. நீலத்தைப் பதியும் அடுக்கு பட்டினி கிடக்கும். ஸ்கேனில் மஞ்சளைக் குறைக்கலாம், ஆனால் இல்லாத நீலத்தை வரவழைக்க முடியாது, குருணைதான் மிஞ்சும். அங்கே மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு முழு ஸ்டாப் கொடுங்கள். 80ஏ நீல ஃபில்டர் நிறத்தைச் சரிசெய்யும், ஆனால் இரண்டு ஸ்டாப் விழுங்கிவிடும். கையில் பிடித்து எடுக்கும் பழைய கேமராவுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

படி 6: ஃபோகஸை முன்கூட்டியே வைப்பது

குழந்தைகள் ஓடுகிற, படகு நகர்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்தால் படம் தப்பும். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து 5 மீட்டரில் நிறுத்தினால், சுமார் இரண்டரை மீட்டர் முதல் தொடுவானம் வரை எல்லாம் தெளிவு. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 11, ஏழரை மீட்டர். நாலு மீட்டருக்கு அப்பால் எல்லாம் உள்ளே. லென்ஸ் வளையத்தில் இருபுறமும் எழுதியிருக்கும் எண்கள் இதற்குத்தான்.

படி 7: உலாவில்

காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் படம் எடுத்துவிட்டு, நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடலாம். உச்சிவெயிலில் கண்குழிகள் கறுக்கும். எந்த ஃபிலிமும் அதைக் காப்பாற்றாது. நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டுமானால் ஆட்களைத் திறந்தவெளி நிழலுக்கு நகர்த்துங்கள்.

பழைய லென்ஸ்களின் மேற்பூச்சு மெல்லியது, மிகப் பழையவற்றில் பூச்சே இல்லை. பக்கவாட்டு வெயில் லென்ஸில் பட்டாலே நிறம் சோகை பிடிக்கும். ஹூட் இல்லாவிட்டால் இடது கையை நெற்றிக்குக் கொடுப்பதுபோல் லென்ஸுக்குக் கொடுங்கள். விரல் வியூஃபைண்டரில் தெரியாமலே படத்தில் விழலாம், ரேஞ்ச்ஃபைண்டர்காரர்கள் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னலில் பார்க்கும் கேமரா வைத்திருப்பவர்கள்) கவனிக்க.

அவர்களுக்கே இன்னொரு எச்சரிக்கையும். துணித்திரை ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டரை மூடி போடாமல் சூரியனைப் பார்க்க வைத்தால், லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையில் ஓட்டை போட்டுவிடும். எஸ்எல்ஆரில் கண்ணாடி குறுக்கே நிற்பதால் இந்தப் பயம் குறைவு. ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றுமுன் திருகினால் உள்ளே பொறி கெடும்.

மூடிய காருக்குள் ஃபிலிமையும் கேமராவையும் விடாதீர்கள். வெப்பத்தில் மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே மாதிரி கெடுவதில்லை, அதனால் எந்த ஸ்கேனிலும் சரியாகாத நிறச்சாயம் ஏறும். கடற்கரையில் லென்ஸை மாற்றவும் வேண்டாம், கதவைத் திறக்கவும் வேண்டாம்.

ஒரே காட்சியை நாலு முறை எடுக்கும் டிஜிட்டல் பழக்கத்தை விடுவது கடினம். ஒன்று போதும். வெளிச்சம் சிக்கலாக இருந்தால் மட்டும் இரண்டாவது, அதுவும் ஒரு ஸ்டாப் கூடுதலாக. குறைவாக ஒன்று எடுத்து வைப்பது நெகட்டிவில் வீண்.

விமானத்தில் போகிறவர்கள் ஃபிலிமைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. கையில் எடுத்துச் சென்று, கையால் சோதிக்கக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் குறைந்த ஐஎஸ்ஓ ஃபிலிமையும் புகையடித்ததுபோல் ஆக்கிவிடும்.

படி 8: சுற்றி எடுப்பது, கழுவுவது

ரோல் முடிவில் லீவர் முறுக்கினால் பலம் காட்டாதீர்கள். ஃபிலிம் சுருளிலிருந்து பிய்ந்துவிடும். அடிப்பக்கப் பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுங்கள். இறுக்கம் சட்டென்று விடுபட்ட பிறகும் இன்னும் சில சுற்று, வால் முழுதாக உள்ளே போகும்வரை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரோலைப் புதுசென்று நினைத்து மறுபடி ஏற்றிவிட எல்லோராலும் முடியும்.

பதிந்த பிம்பம் நாளாக நாளாக மங்கும். ஊர் திரும்பியதும் கழுவக் கொடுங்கள். வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறை 1972-இல் கோடக் கொண்டுவந்தது, 37.8 டிகிரி செல்சியஸில் டெவலப்பர் 3 நிமிடம் 15 நொடி. எந்த நிறுவனத்து ரோலாக இருந்தாலும் இதே முறைதான். நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சில லேப்களில் கேட்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்கேனில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றாமல் தரச் சொன்னால் நிறத்தை நீங்களே தீர்மானிக்கலாம்.

படி 9: நெகட்டிவைப் படிப்பது

ஸ்கேனைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். நெகட்டிவை வெள்ளைத் திரை மீது பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் எண்களும் ஃபிலிம் பெயரும் தெரிந்து நடுவே வெறுமையாக இருந்தால், ஃபிலிம் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்துகளே இல்லையென்றால் கழுவியதில் பிழை. சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி ஏறுக்குமாறாக இருந்தால் நகர்த்தும் பொறி தளர்ந்திருக்கிறது. நிழல்கள் இருக்க வேண்டிய இடம் வெறும் ஆரஞ்சாக, சட்டத்துக்கு வெளியே உள்ள ஓரம் போலவே இருந்தால் வெளிச்சம் போதவில்லை. அடுத்த ரோலில் ஐஎஸ்ஓ டயலை இன்னொரு படி கீழே இறக்குங்கள்.

படத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சு தீற்றல் தெரிந்தால் வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து கசிந்திருக்கிறது. சிவப்பைப் பதியும் அடுக்கு ஃபிலிமின் முதுகை ஒட்டியே இருப்பதால் முதலில் அடிபடுவது அதுதான். தீற்றல் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கதவின் அந்தப் பக்கத்து ஸ்பாஞ்சை மட்டும் மாற்றினால் போதும். நெகட்டிவில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்: படத்தின் மேல்பகுதியில் தெரியும் கசிவுக்குக் கதவின் கீழ் ஓரத்தைப் பாருங்கள்.